கணவாய்ச் சாலையின் கியர்க் கணக்கு: தென்காசி வட்டாரத்தில் சக்கரமும் அச்சும் பாரமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த அச்சன்புதூர், இன்று தென்காசி மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்று. நெல்லும் தென்னையும் விளையும் இந்த வட்டாரத்தின் சரக்கு கிழக்கே சமவெளிச் சாலையில் எளிதாகப் போய்விடும். மேற்கே போக வேண்டுமானால் மலையைத்தான் கடக்க வேண்டும். மலையைக் கடக்க வழிகள் இரண்டு. செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டித் தென்மலை, புனலூர், கொல்லம் என்று நீளும் பெருஞ்சாலை ஒன்று; பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கு ஏறும் காட்டுச்சாலை மற்றொன்று. பாவூர்சத்திரம் சந்தையின் காய்கறியும், புளியங்குடியின் எலுமிச்சையும், அறுவடை முடிந்த வயல்களின் வைக்கோலும் இந்த வழிகளில் மேற்கே ஏறியிருக்கின்றன. மரமும் மலைச்சரக்கும் இதே வழிகளில் கிழக்கே இறங்கியிருக்கின்றன. இச்சாலைகளின் வரலாற்றை எழுதியோர் கணவாயையும் சுங்கத்தையும் எல்லைகளையும் பற்றி எழுதிய அளவுக்கு, அவற்றில் ஓடிய வண்டிகளின் உள்ளுறுப்புகளைப் பற்றி எழுதவில்லை. ஆயினும் எவ்வளவு சரக்கு, எந்த வேகத்தில், என்ன செலவில் மலையேறும் என்பதைத் தீர்மானித்தவை அந்த உறுப்புகளே. சக்கரத்தின் உயரம், பின் அச்சிலுள்ள பற்சக்கரங்களின் விகிதம், ஏற்றிய பாரம் ஆகிய மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பகுதிகள் என்பதையும், ஒன்றை மாற்றியவர் மற்ற இரண்டையும் மாற்றாமல் விட்டபோதெல்லாம் அதன் விலையை மலைச்சாலையில் கொடுக்க நேர்ந்தது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழுபடும் சக்கரம், உந்தும் சக்கரம்

மோட்டார் வண்டி வருவதற்கு முன்பு கணவாயைக் கடந்தவை மாட்டு வண்டிகள். இரும்புப் பட்டை பூட்டிய பெரிய மரச்சக்கரங்கள் இருசின் முனைகளில் தன்போக்கில் சுழன்றன; கடையாணி அவற்றைக் கழலாமல் காத்தது. மாடு வண்டியை முன்னால் நின்று இழுப்பதால், அங்கே சக்கரம் தானே எதையும் உந்துவதில்லை. இழுப்பவற்றின் பின்னால் உருண்டு வருவதே அதன் வேலை. இவ்வாறு இழுபடும் சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பெரிய சக்கரம் குழியில் ஆழ இறங்குவதில்லை, கல்லின் மேல் எளிதாக ஏறிவிடுகிறது, அதன் உராய்வும் குறைகிறது. டன்லப் நிறுவனம் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் தொழிற்சாலை திறந்த பிறகான காலத்தில் ‘டயர் வண்டி’ என்று பெயர் பெற்ற காற்றுச்சக்கர மாட்டு வண்டிகள் பரவின. அவற்றின் சக்கரம் மரச்சக்கரத்தைவிடச் சிறியது. சிறிய சக்கரத்தால் நேரும் இழப்பை ரப்பரின் மென்மையும் பந்துத் தாங்கிகளும் ஈடுகட்டியதால்தான் அந்த மாற்றம் வெற்றி பெற்றது.

உந்தும் சக்கரத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது ஒரு தண்டைத் திருகும் வலு, சக்கரத்தின் மையத்தில் வந்து சேர்கிறது. அது தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசையாக மாறும்போது சக்கரத்தின் ஆரத்தால் வகுபட்டுவிடுகிறது. ஆரம் கூடினால் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் கூடும், தள்ளும் விசை குறையும். இழுபடும் சக்கரத்துக்கு நன்மை செய்த அதே உயரம், உந்தும் சக்கரத்துக்குச் செலவாகிறது. பெரிய டயர் எங்கும் நல்லது என்ற எண்ணம் வண்டிக்காரர்களிடம் நெடுங்காலம் நிலைத்ததற்கு, இழுபடும் சக்கரத்தின் அனுபவத்தை உந்தும் சக்கரத்துக்கும் பொருத்திப் பார்த்தது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இந்த வேறுபாட்டை இவ்வட்டாரத்து மக்கள் முதலில் பார்த்தது சாலையில் அன்று, தண்டவாளத்தில்தான். செங்கோட்டையையும் புனலூரையும் இணைத்த மீட்டர்கேஜ் பாதை 1904 நவம்பர் 26 அன்று திறக்கப்பட்டது. நீராவி எஞ்சினில் கியர்பாக்ஸ் கிடையாது. உந்துதண்டு ஒருமுறை போய்த் திரும்புவது சக்கரத்தின் ஒரு சுற்றாக நேரடியாக மாறுகிறது. ஆகவே சக்கரத்தின் விட்டமே அந்த எஞ்சினின் கியர் விகிதம். பிற்காலத்தில் இந்திய மீட்டர்கேஜ் பாதைகளுக்கென உருவான இரண்டு வகை எஞ்சின்களுள், பயணிகள் வண்டிக்கான ஒய்.பி. வகைக்கு 54 அங்குல உந்துசக்கரமும், சரக்கு வண்டிக்கான ஒய்.ஜி. வகைக்கு 48 அங்குல உந்துசக்கரமும் வைக்கப்பட்டன. வேகம் வேண்டிய இடத்தில் பெரிய சக்கரம், இழுவை வேண்டிய இடத்தில் சிறிய சக்கரம் என்ற விதி அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. அந்த விதி மட்டும் போதாத ஆரியங்காவு ஏற்றத்தில், ரயில்வே பின்னாலும் ஓர் எஞ்சினைச் சேர்த்து வண்டியைத் தள்ளச் செய்தது. லாரிக்குப் பின்னால் தள்ள வேறொரு லாரி கிடையாது. அதற்கு வேண்டிய கூடுதல் வலுவைப் பின் அச்சுக்குள்தான் தேட வேண்டும்.

பின் அச்சுக்குள் இருப்பது

எஞ்சினிலிருந்து கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாகப் பின்னோக்கிச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைக் கூட்டுக்குள் நுழைந்து முடிகிறது. அந்த ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிறிய பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வட்டப் பற்சக்கரம் கிரவுன். ஷாஃப்டின் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவதும், அனுப்பும்போது சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குவதும் இந்த ஜோடியின் வேலை. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அச்சு விகிதம். பினியனுக்கு 6 பல்லும் கிரவுனுக்கு 37 பல்லும் இருந்தால் விகிதம் 6.17; கிரவுனுக்கு 41 பல் இருந்தால் 6.83. முதல் ஜோடியில் ஷாஃப்ட் ஏறத்தாழ ஆறு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டாவது ஜோடியில் ஏறத்தாழ ஏழு சுற்று வேண்டும். எண் பெரிதானால் இழுவை கூடி வேகம் குறையும். எண் சிறிதானால் வேகம் கூடி இழுவை குறையும். கிரவுனோடு பிணைந்திருக்கும் டிஃபரன்ஷியல், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகச் சுற்றுகள் சுற்ற இடம்கொடுக்கும் அமைப்பு. பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கெர் என்பவர் 1820களின் இறுதியில் ஒரு நீராவி வண்டிக்காக இதை வகுத்தார்.

37, 41 போன்ற எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. பினியனின் பல் எண்ணிக்கைக்கும் கிரவுனின் பல் எண்ணிக்கைக்கும் பொதுக் காரணி இல்லாதவாறு அவற்றைத் தேர்ந்தால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களோடும் முறைவைத்துச் சந்திக்கும். ஒரு பல்லில் உள்ள சிறு குறை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தேயாமல் எங்கும் பரவும். பினியனின் பற்களைக் குறைத்துக்கொண்டே போய் விகிதத்தை விரும்பிய அளவு உயர்த்தவும் முடியாது. கிரவுனின் அளவு கூட்டின் அளவால் கட்டுப்பட்டிருப்பதால், விகிதம் உயர உயரப் பினியன் மெலிந்து, பாரம் ஏறிய ஏற்றத்தில் பல் முறியும் நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேலும் குறைப்பு வேண்டிய கனரக டிப்பர்களில், சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இன்னொரு பற்சக்கரத் தொகுதியை வைக்கும் ‘ஹப் ரிடக்‌ஷன்’ முறை பயன்படுகிறது. ஆகவே அச்சு விகிதம் என்பது விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளும் விஷயம் அன்று. ஆலை தரும் சில ஜோடிகளுள் ஒன்றைத் தேர்வது மட்டுமே உரிமையாளரின் கையில் உள்ளது.

உபரி வண்டிகளிலிருந்து உள்நாட்டு லாரிக்கு

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் தமிழகச் சாலைகளில் கரிவாயுவில் ஓடிய பேருந்துகள், சமவெளியிலேயே திணறியவை. எஞ்சினின் வலு குறைந்தபோது கியர்தான் ஒரே துணை என்பதை அந்த ஆண்டுகள் ஓட்டுநர்களுக்குக் கற்பித்தன. போர் முடிந்ததும் இராணுவ உபரி வண்டிகள் விற்பனைக்கு வந்து, நாடெங்கும் தனியார் சரக்குப் போக்குவரத்தின் தொடக்க முதலாயின. அவை வேறொரு கணக்கில் செய்யப்பட்டவை. போரில் மிகுதியாகப் பயன்பட்ட அமெரிக்க ஜி.எம்.சி. ஆறுசக்கர உந்துவண்டிக்கு 7.50-20 அளவு டயரும் 6.6 அச்சு விகிதமும் இருந்தன. சேற்றிலும் மணலிலும் ஊர்ந்து செல்வதற்கு வகுத்த அந்த விகிதம், மலைச்சாலைக்குப் பொருந்தினாலும் சமவெளியின் நீண்ட ஓட்டத்தில் எரிபொருளைத் தின்றது.

உள்நாட்டு உற்பத்தி அதன்பின் தொடங்கியது. 1948இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத் தொகுத்து, பிறகு லேலண்டு காமெட் லாரிகளுக்கு மாறி, 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்ட டாடா குழுமத்தின் டெல்கோ, 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா-மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகளை வெளியிடத் தொடங்கியது. அந்த உடன்பாடு 1969இல் முடிந்தபின் வண்டியின் முகப்பில் டாடா என்ற பெயர் மட்டும் நின்றது. மதுரையில் 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் விற்பனையும் பழுதுபார்ப்பும் உதிரிபாகமும் தென்மாவட்டங்களுக்குக் கிடைக்க வழிசெய்தது; நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலின் மையங்களாக வளர்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, கணவாயின் கிழக்கு வாயில் தமிழகத்து எல்லை ஆனது. எல்லை இடம்பெயர்ந்தும் ஏற்றம் அதே இடத்தில்தான் இருந்தது.

ஓர் ஆலை லட்சக்கணக்கான வாங்குவோருக்காக ஒரு லாரியை வகுக்கும்போது, ஏதோ ஒரு சராசரிச் சாலையையும் சராசரிப் பாரத்தையும் மனத்தில் கொண்டே அச்சு விகிதத்தைக் குறிக்கிறது. கணவாய்க்கு அடிவாரத்தில் வாழும் உரிமையாளருக்கு அந்தச் சராசரி பொருந்துவதில்லை. அவருடைய வண்டி தென்காசியிலிருந்து மதுரை வரை சமவெளியில் ஓடுகிறது. மறுநாள் புளியரையைத் தாண்டியதும் எஸ் வளைவில் தொடங்கும் ஏற்றத்தில் ஏறுகிறது. இரண்டுக்கும் ஒரே பின் அச்சுதான்.

பெரிய டயர் வந்த வழி

லாரிக்குப் பெரிய டயர் மாட்டும் வழக்கம் அழகுக்காக வந்தது அன்று, பாரத்துக்காக வந்தது. டயரின் தாங்குதிறன் அதனுள் அடைபடும் காற்றின் கன அளவையும் அழுத்தத்தையும் சார்ந்தது. ஆகவே அதிகப் பாரம் ஏற்ற விரும்பியவர் முதலில் மாற்றியது டயரைத்தான். 8.25-20 டயரிலிருந்து 9.00-20க்கும், அதிலிருந்து 10.00-20க்கும் வண்டிகள் நகர்ந்தன. இந்த எழுத்துமுறையில் முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாம் எண் அது உட்காரும் வட்டின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். வட்டு மூன்றுக்கும் 20 அங்குலமே. ஆனால் அகலம் கூடும்போது உயரமும் சேர்ந்து கூடுவதால், 9.00-20 டயரின் வெளி விட்டம் 1,020 மில்லிமீட்டர் அளவிலும், 10.00-20 டயரின் விட்டம் 1,055 மில்லிமீட்டர் அளவிலும் அமைகிறது. பாரத்தின் கீழ் நசுங்கி உருளும்போது முதல் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 3.1 மீட்டரும் இரண்டாவது ஏறத்தாழ 3.2 மீட்டரும் கடக்கும். வேறுபாடு மூன்று சதவீதம் அளவே என்பதால், பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த மூன்று சதவீதம் தனியாக வருவதில்லை என்பதில்தான் சிக்கல் இருந்தது. 6.17 விகித அச்சும் 9.00-20 டயரும் உள்ள, 16 டன் எடையுள்ள ஒரு லாரி, பதினைந்தடி போனால் ஓரடி உயரும் சரிவில் ஏறுவதாகக் கொள்ளலாம். அதைப் பின்னுக்கு இழுக்கும் எடையின் கூறு ஏறத்தாழ 1,070 கிலோ. டயரின் உருளல் தடையையும் சேர்த்தால் 1,250 கிலோவை எட்டும். அந்த விசையைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால் அச்சில் வேண்டிய முறுக்குவிசை சுமார் 612 கிலோகிராம்-மீட்டர். இப்போது டயரை 10.00-20க்கு மாற்றி, மாற்றியதன் நோக்கப்படியே இரண்டு டன் சரக்கையும் கூட்டினால், வேண்டிய முறுக்குவிசை சுமார் 710 கிலோகிராம்-மீட்டராக உயர்கிறது. டயரால் வந்த மூன்று சதவீதமும் பாரத்தால் வந்த பன்னிரண்டு சதவீதமும் சேர்ந்து 16 சதவீதச் சுமையாகின்றன. மூன்றாம் கியரில் மெல்ல ஏறிவந்த வண்டி இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டிய நிலைக்கு அந்தப் பதினாறு சதவீதமே போதும். இரண்டாம் கியரில் எஞ்சின் அலறும், நீர் கொதிக்கும், வேகம் பாதியாகும், பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் வரிசையில் நிற்கும்.

அச்சு விகிதத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் இதே எண்களால் பார்க்கலாம். பெரிய டயரால் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும் ஈடுகட்ட, 6.17ஐ 3.2ஆல் பெருக்கி 3.1ஆல் வகுத்து வரும் 6.37 விகிதம் போதும். ஆனால் அப்படியொரு ஜோடி கடையில் கிடைப்பதில்லை. 41 பல் கிரவுனுக்குப் போனால் விகிதம் 6.83 ஆகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது, நேரடி உச்ச கியரில், பழைய டயரோடும் பழைய விகிதத்தோடும் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடிய வண்டி, பெரிய டயரோடு பழைய விகிதத்தில் 62 கிலோமீட்டரும், பெரிய டயரோடு புதிய விகிதத்தில் 56 கிலோமீட்டரும் ஓடும். இழுவையில் 11 சதவீதம் லாபம். சமவெளியில் வேகம் ஆறேழு சதவீதம் நட்டம். பதினாறில் பதினொன்றைத்தான் புதிய விகிதம் ஈடுகட்டுகிறது. மீதியை ஓட்டுநரின் பொறுமையும் கிளட்சும் சுமக்க வேண்டும். வாரத்தில் பெரும்பகுதி கணவாய் ஏறும் வண்டிக்கு இது நல்ல பேரம். மாதத்துக்கு ஒருமுறை ஏறும் வண்டிக்கு அன்று. வண்டி எந்த வழியில் எத்தனை நாள் ஓடும் என்று கேட்காமல் அச்சு விகிதத்தைச் சொல்லிவிட முடியாது என்பது, இந்த எண்களிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

பட்டறையில் நடந்த தேர்வு

இந்தக் கணக்கை ஏட்டில் எழுதியவர்கள் குறைவு. பட்டறைகளில் அது கையால் செய்யப்பட்டது. பழைய லாரி ஒன்றின் அச்சு விகிதம் என்ன என்று அறிய, கூட்டைப் பிரிக்காமலேயே ஒரு வழி உண்டு. ஒரு பக்கச் சக்கரம் தரையில் இருக்க, மறுபக்கத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சக்கரத்திலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற, வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணுவார். ஒரு சக்கரம் நின்று மறுசக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் டிஃபரன்ஷியலின் இயல்பால் கிரவுன் ஒரு சுற்றே சுற்றும். ஆகவே எண்ணிய சுற்றே விகிதம். ஆறு சுற்றுக்கு மேல் சிறிது போனால் 37, ஏழுக்குச் சற்றுக் குறைந்தால் 41 என்று பல்லின் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

மாற்றுவது எண்ணுவதைவிடக் கடினம். கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று உரசித் தேய்த்து இணக்கப்படும் ஜோடிகள். இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொன்றின் பினியனையும் சேர்த்தால், பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அலறத் தொடங்கும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்குவோர் இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது இதனால்தான். ஜோடியைப் பொருத்திய பின், மெல்லிய தகட்டுத் துண்டுகளான ஷிம்களைச் சேர்த்தும் எடுத்தும் பினியனின் ஆழத்தையும், பற்களுக்கு இடையிலுள்ள சிறு தளர்வையும் சரிசெய்ய வேண்டும். பற்களில் வண்ணப் பசை தடவிச் சுழற்றினால், ஒன்றோடொன்று தொடும் இடம் தெளிவாகத் தெரியும். தொடுதடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. நுனியிலோ அடியிலோ விழுந்தால் ஷிம்மை மாற்றி மறுபடியும் தொடங்க வேண்டும். இத்தனை பொறுமை வேண்டிய வேலையை, மலையேறி வந்து நின்ற லாரிகளின் அருகே, மண்தரையில் தார்ப்பாய் விரித்துச் செய்து முடித்த தொழிலாளரின் திறன், தமிழகத்துத் தொழில் வரலாற்றில் உரிய இடம் பெற வேண்டிய ஒன்று.

டயரை மாற்றியதன் விளைவு கணக்குப் புத்தகத்திலும் தெரிந்தது. வேகமானியின் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து புறப்படுவதால், அது ஷாஃப்டின் சுற்றையே அறியும். டயரின் அளவை அறியாது. பெரிய டயர் மாட்டிய வண்டி உண்மையில் 103 கிலோமீட்டர் ஓடும்போது மானி 100 என்றே காட்டும். மானியை நம்பிய உரிமையாளருக்கு ஒரு லிட்டர் டீசலுக்குக் கிடைக்கும் தூரம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அச்சு விகிதத்தை 6.83க்கு மாற்றினால் இதே பிழை எதிர்த்திசையில், இன்னும் பெரிதாக விழும். ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் இடையே டீசல் கணக்கில் எழுந்த மனத்தாங்கல்களுள் சிலவற்றில் இருவருமே குற்றவாளிகள் அல்லர்; மானி மட்டுமே பொய் சொல்லியது.

எஸ்டேட் ஜீப்பின் பாடம்

பெரிய டயரும் அச்சு விகிதமும் மோதும் இடத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது, மலைத்தோட்டங்களில் ஓடும் ஜீப். போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்புக்கு, 8 பல் பினியனும் 39 பல் கிரவுனும் சேர்ந்த 4.88 விகிதம். 1945இல் அதே நிறுவனம் உழவர்களுக்கென சி.ஜே.-2ஏ என்னும் ஜீப்பை வெளியிட்டபோது, கலப்பையும் சுமையும் இழுக்க வேண்டும் என்பதற்காக 43 பல் கிரவுனுக்கு மாறி, விகிதத்தை 5.38 ஆக உயர்த்தியது. 1947இல் ஜீப் தொகுப்பில் இறங்கிய மகிந்திரா பின்னர் இந்தியாவில் நெடுங்காலம் உற்பத்தி செய்த சி.ஜே.-3பி, இந்த உழவு ஜீப்பின் வழிவந்தது. 6.00-16 டயரோடு, நடுத்தரச் சுற்றிலேயே முறுக்குவிசை தரும் அந்த வண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏற்றதாக அமைந்தது.

மழையால் அரிக்கப்பட்ட தோட்டப்பாதைகளில் வண்டியின் வயிறு பாறையில் இடிக்காமல் இருக்க, 7.50-16 டயர் மாட்டும் வழக்கம் அந்தத் தோட்டங்களில் பரவியது. 6.00-16 டயரின் விட்டம் 720 மில்லிமீட்டர் என்றும் 7.50-16 டயரின் விட்டம் 805 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், வண்டி நாலு சென்டிமீட்டருக்கு மேல் உயர்கிறது. பாறையைத் தாண்ட அது பெரும் உதவி. ஆனால் 5.38ஐ 720ஆல் பெருக்கி 805ஆல் வகுத்தால் கிடைப்பது 4.81. அதாவது, உழவுக்காக ஆலை உயர்த்திய விகிதம் முழுவதும் டயரால் அழிந்து, வண்டி போர்க்கால ஜீப்பின் நிலைக்கும் சற்றுக் கீழே போய்விடுகிறது. ஆலை பல்லில் கொடுத்ததை உரிமையாளர் ரப்பரில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதை அந்த ஒற்றை வகுத்தல் காட்டிவிடுகிறது. ஜீப்பில் தாழ்விகிதக் கியர் தனியாக இருந்ததால் வண்டி நின்றுவிடவில்லை. எனினும் அந்தக் கியரிலேயே அதிக நேரம் ஓடியதால் அது அமைந்த டிரான்ஸ்பர் பெட்டியும் அச்சுத்தண்டுகளும் தேய்ந்தன. 1986இல் வந்த டாடா 407 போன்ற சிறு லாரிகள் காய்கறி ஏற்றிக் கணவாய் ஏறத் தொடங்கியபோதும், 7.50-16 டயரிலிருந்து 8.25-16 டயருக்கு மாறிய உரிமையாளர்கள் அதே பாடத்தை ஏழு சதவீத அளவில் மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

இறக்கத்தின் கணக்கு

ஏற்றத்தைப் பற்றிய பேச்சில் மறக்கப்படுவது இறக்கம். ஏறும்போது தவறான விகிதத்தால் போவது டீசலும் நேரமும். இறங்கும்போது அதே தவறால் உயிர் போகலாம். பாரம் ஏற்றிய லாரி சரிவில் இறங்கும்போது, டீசல் குறைந்த எஞ்சினே சக்கரங்களைத் தடுக்கும் பிரேக்காக மாறுகிறது. அந்தத் தடையும் அச்சு விகிதத்தால் பெருக்கப்பட்டே சக்கரத்தை அடைகிறது. டயரின் ஆரத்தால் வகுபட்டே தரையில் செயல்படுகிறது. ஏற்றத்தில் வலுவைக் குறைக்கும் பெரிய டயர், இறக்கத்தில் எஞ்சினின் பிடியையும் அதே அளவு குறைக்கிறது. பிரேக் டிரம்மின் பிடிக்கும் இதே நிலைதான். டிரம்மின் அளவு மாறாமல் டயரின் ஆரம் மட்டும் கூடினால், அதே மிதிக்குக் கிடைக்கும் தடை குறையும். குறைந்த பிடியை ஈடுகட்ட ஓட்டுநர் பிரேக்கை அதிகம் மிதிப்பார். டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தந்த விதியும், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவதை அவர்கள் கடுமையாகத் தடுத்ததும், இந்தக் கணக்கின் அனுபவ வடிவங்களே. எக்ஸாஸ்ட் பிரேக் பரவலான பிறகும் அந்த விதி தளரவில்லை. ஏனெனில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் எஞ்சினின் வழியாகவும் கிரவுன் பினியனின் வழியாகவும்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது.

சட்டமும் புதிய எஞ்சினும்

இருபத்தோராம் நூற்றாண்டில் இந்தக் கணக்கின் மூன்று பகுதிகளும் மாறின. பாரத்தைச் சட்டம் வரையறுத்தது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதிக பாரத்துக்கு எதிராக உறுதியான ஆணையிட்டது; 2018இல் மத்திய அரசு அச்சு எடையின் வரம்பையே உயர்த்தி, நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்ததை 11.5 டன்னாகவும், இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும் ஆக்கியது. ஆலையின் பதிவுக் குறிப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. டயரில் குறுக்கு நூல் அடுக்குகளின் இடத்தை ரேடியல் அமைப்பு பிடித்து, உருளல் தடையைக் குறைத்தது. எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாட்டு டீசல் செலுத்தம் வந்து, 2017இன் பி.எஸ். 4 மாசு விதிகளுக்கும் 2020இன் பி.எஸ். 6 மாசு விதிகளுக்கும் ஏற்ப, குறைந்த சுற்றிலேயே நிறைந்த முறுக்குவிசை கிடைத்தது. எஞ்சின் தாழ்ந்த சுற்றில் வலுவோடு இழுப்பதால், நெடுஞ்சாலை லாரிகளுக்குச் சிறிய எண் விகிதங்களை ஆலைகள் வைக்கத் தொடங்கின. ஒரே சேசிஸைச் சமவெளி ஓட்டத்துக்கு ஒரு விகிதத்திலும் சுரங்க வேலைக்கு மற்றொரு விகிதத்திலும் விற்பதும் வழக்கமாயிற்று.

ஆயினும் தேர்வின் அவசியம் மறையவில்லை. பட்டறையிலிருந்து விற்பனைக்கூடத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே. புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் கல், எம்-சாண்ட் லாரிகளின் அதிக பாரம் இவ்வட்டாரத்து மக்களின் நீண்டநாள் கவலை. சாலை சிதைவதும் விபத்து நேர்வதும் அந்தக் கவலையின் வெளித்தோற்றங்கள். அந்த விவாதத்தில் பாரத்தின் எடை மட்டுமே பேசப்படுகிறது. பாரத்தோடு டயரும், டயரோடு அச்சு விகிதமும், விகிதத்தோடு பிரேக்கின் பிடியும் கட்டப்பட்டிருப்பது பேசப்படுவதில்லை. ஒரு வண்டியின் விலைப்பட்டியலில் குதிரைத்திறன் பெரிய எழுத்திலும் அச்சு விகிதம் கடைசி வரியிலும் அச்சிடப்படும் வரை, வாங்குவோர் முதலாவதைத்தான் கேட்பார்கள்.

கணவாய்க்கு அடிவாரத்தில் இந்தத் தொழிலைப் பார்த்த மூத்த தலைமுறை மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் குறைந்துவருகிறார்கள். எந்த ஏற்றத்துக்கு எந்த ஜோடி பொருந்தியது, எந்த டயரோடு எந்தக் கியர் வரை வண்டி தாங்கியது, எந்த வளைவில் பிரேக் சூடேறியது என்னும் செய்திகள் அவர்களிடமே உள்ளன. ஆரியங்காவுப் பாதையின் ரயில்வேக்கு அதன் ஒவ்வொரு சரிவையும் குறித்த ஏடுகள் உண்டு. அதற்கு அருகிலேயே ஓடும் சாலையின் தொழில் அறிவுக்கு அப்படியொரு ஏடு இல்லை. தென்மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மோட்டார் மெக்கானிக் பாடத்தில் அச்சு விகிதத்தின் சூத்திரத்தைக் கற்பிக்கும்போது, அதோடு புளியரை ஏற்றத்தையும் மேக்கரைச் சாலையையும் கணக்குகளாக வைத்து, அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்களையும் வண்டியைப் பிரித்து மாட்டியவர்களையும் சாட்சிகளாக அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். டயரை மாற்ற வரும் உரிமையாளரிடம், என்ன பாரம், எந்த வழி, மாதத்துக்கு எத்தனை ஏற்றம் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு விகிதத்தைச் சொல்லத் தெரிந்த மாணவர் ஒருவர் அந்த வகுப்பிலிருந்து வெளிவந்தால், அச்சன்புதூர் வட்டாரத்துச் சாலைகளுக்கு அது எந்த எடைமேடையையும்விடக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பாக இருக்கும்.